முப்பது கறிபாப், ஆறு கருகியது

1. கேள்வியைப் புரிந்துகொள்ளுதல்

இந்தக் கதை ஒரு கணக்கிலிருந்து வந்தது. கணக்கைப் போட்டவர் கமலநாதன். மலேசியாவின் கிள்ளானில் ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் டியூஷன் நடத்துகிறவர். (கமலநாதன் நான்தான். படர்க்கையில் எழுதினால் வெட்கம் கொஞ்சம் குறையும் என்று பார்த்தேன். குறையவில்லை.) பிரச்சனைக் கணக்கு என்றாலே கொட்டாவி விடும் பிள்ளைகளைச் சிரிக்கவைக்க, அவர்கள் வீட்டுப் பெயர்களையே கணக்குக்குள் நுழைத்துவிடுவார். அன்று பலகையில் எழுதியது இது (கறிபாப் என்பது உருளைக்கிழங்கு மசாலா அடைத்துப் பொரிக்கும் பண்டம்):

சந்திரகலா 30 கறிபாப் பொரித்தார். 6 கருகிவிட்டன. மீதத்தை அவரும் மகன் குருவும் மகள் விஷ்ணுப்ரியாவும் சமமாகப் பங்கிட்டனர். ஒருவருக்கு எத்தனை?

ஐந்தாம் ஆண்டு படிக்கும் விஷ்ணுப்ரியா முப்பதில் ஆறைக் கழித்தாள். இருபத்து நான்கை இரண்டால் வகுத்தாள். விடை: 12.

கமலநாதன் சிவப்புப் பேனாவால் தப்பு போட்டார். அதோடு விட்டிருக்கலாம். அந்த வாய் சும்மா இருக்குமா?

"என்னம்மா, அண்ணன் பங்கையும் சேத்து அமுக்கிட்டியா? பாவம்லா குரு!"

வகுப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை, அழவுமில்லை. பிரச்சனைக் கணக்குக்குப் பள்ளியில் நான்கு படிகள்; கேள்வியில் கொடுத்ததற்கெல்லாம் கோடு போட வேண்டும் என்பது முதல் படி. அவள் தாளில் சந்திரகலாவுக்குக் கீழே கோடு இருந்தது, அவள் பெயருக்குக் கீழே இருந்தது. குருவுக்கு இல்லை. 'கவனக்குறைவு' என்று ஓரத்தில் எழுதினார் கமலநாதன்.

[ஒவ்வொரு வரைவிலும் இந்தச் சொல்லை எடுத்துவிடக் கை பரபரக்கிறது. இருக்கட்டும்.]

2. திட்டமிடுதல்

சந்திரகலா திருச்சிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். கணவர் இறந்துவிட்டார். இத்தனை வருஷமாகியும் அவருடைய மலாய், பாசாரில் மீன் வாங்க மட்டுமே போதும். அன்று மாலை மகளைக் கூட்டிப்போக வந்தவர், தாளிலிருந்த தப்பைப் பார்த்துவிட்டு, அவளைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டுத் தயங்கி நின்றார்.

"சார், உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. குரு ஆஸ்பத்திரியில இருக்கான். தெலுக் பங்லிமா காராங்ல வேலை முடிஞ்சு மோட்டார்ல வரப்ப லோரி மோதிருச்சு. இன்னும் கண்ணு முழிக்கல."

கமலநாதன் சிவப்புப் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

"பாப்பா பயந்துட்டா போல. நீங்க மூணால போட வைங்க சார். அவன் வந்துருவான், டாக்டரே சொல்லிட்டாரு. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. அவனுக்குக் கறிபாப்னா உசுரு. பொரிச்சு எடுத்துட்டுப் போகணும்."

இங்கிருந்து கதை எப்படியும் போகலாம். வெள்ளிக்கிழமை குரு எழுந்து உட்கார்ந்து, "பசிக்குதும்மா" என்கிறான். (இதை எழுதிவிட்டு நானே அழுதேன். நான் அழுதேன் என்பதற்காக அது நடந்துவிடாது.) அல்லது குரு இனி எழமாட்டான் என்பது சந்திரகலாவுக்குத் தெரியும், மகளுக்காக மறைக்கிறார். கமலநாதன் நம்பியது இதைத்தான். எனவே அந்தக் கருணை மிக்க ஆசிரியர், பிஞ்சு மனம் நோகாதபடி மெல்ல அவளருகே அமர்ந்து—

(இந்த வாக்கியத்தை முடிக்கப்போவதில்லை. அதில் நான் மிக அழகாக இருந்தேன்.)

4. சரிபார்த்தல்

படியின் எண்ணைத் தவறாகப் போடவில்லை. விடையைக் கொண்டுபோய்க் கேள்வியில் பொருத்திப் பார்ப்பது நான்காம் படி. என்னால் முடியாத படி என்பதால் முன்னாலேயே உங்களிடம் தள்ளிவிடுகிறேன். நாளை வெள்ளிக்கிழமை. சந்திரகலா அடுப்பில் எண்ணெய் வைக்கும் முன் யாராவது அந்தக் கதவைத் தட்ட வேண்டும். தட்டி என்ன சொல்வது? பள்ளித் தாளில் விடுவதுபோல இடம் விட்டிருக்கிறேன்.

.......................................................

ஏன் என்பது மூன்றாம் படியில் இருக்கிறது.

3. தீர்வு காணுதல்

கமலநாதனை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். இன்று வகுப்பு முடிந்ததும் அவளை நிறுத்திவைத்தது நான்.

"பிரியா, அன்னிக்கு சார் கிண்டல் பண்ணது தப்பும்மா."

"பரவால்ல சார்."

"அம்மா சொன்னாங்க. அண்ணன் வந்துருவான். டாக்டரே சொல்லிட்டாராம்ல? இப்ப அதே கணக்க மூணால போடு பாக்கலாம்."

அவள் பென்சிலைத் தொடவில்லை. கீழே டயருக்குக் காற்றடிக்கும் இயந்திரம் தடதடத்து நின்றது.

"டாக்டர் மலாய்ல பேசுனாரு சார். வேகமா. அம்மாவுக்கு வெள்ளிக்கிழமைங்கறது மட்டுந்தான் புரிஞ்சுச்சு. என்னைய தமிழ்ல சொல்லச் சொன்னாங்க."

மலாய்ப் பாடத்தில் அவள்தான் வகுப்பில் முதல். அதைச் சொல்லி மற்ற பிள்ளைகளை நான் எத்தனையோ முறை குத்திக்காட்டியிருக்கிறேன்.

"டாக்டர் என்னம்மா சொன்னாரு?"

"அண்ணன் மூளை செத்துருச்சுன்னாரு. மெஷின்தான் மூச்சு விடுதாம். வெள்ளிக்கிழமை சொந்தக்காரங்க, பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க, மெஷினைப் பத்திப் பேசணும்னாரு."

"நீ அம்மாகிட்ட என்ன சொன்ன?"

"அம்மா என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க சார். தூங்கறான், வந்துருவான்னு சொல்லிட்டேன்."

தாளை என் பக்கம் திருப்பி, சிவப்புத் தப்பின் மேல் விரலை வைத்தாள்.

"கணக்குல அப்படிப் போட வரல சார். பன்னெண்டுதான்."