கப்பலில் இளைத்தவன்

புவனேசனுக்குத் தொப்பை வந்ததும் கப்பலில்தான், போனதும் கப்பலில்தான்.

கப்பல் என்றால் லங்காவிக்குப் போகிற ஃபெரி இல்லை. தென்துருவத்தில் பனியை இடித்து உடைத்து வழி செய்துகொண்டு போகிற பெரிய சிவப்புக் கப்பல். அதில் அவன் எஞ்சின் ஃபிட்டர். சொந்த ஊரான புக்கிட் செலம்பாவில் ரப்பர் மரங்களுக்கு நடுவே மோட்டார் சைக்கிள் ஓட்டப் பழகியவன் பனிக்கு நடுவே எஞ்சின் பார்க்கிறான் என்றால் ஊரில் யாருக்குத்தான் பெருமை இருக்காது? லீவில் வரும்போதெல்லாம் சட்டை ஒரு சைஸ் ஏறியிருக்கும். மனைவி உமாராணி கேட்டால், "அங்க எல்லாத்தையும் வெண்ணெயிலதான் பொரிப்பானுங்க. அந்தக் குளிருக்குச் சாப்பிடாம இருக்க முடியாதுலா" என்பான். ஆம்பளைக்குக் கொஞ்சம் வயிறு இருந்தால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று அவளும் விட்டுவிட்டாள்.

அந்த வயிறு ஓர் உயிருக்குக் குறுக்கே வந்து நிற்கும் என்று யார் கண்டது?

ஷீலா அவனுக்கு ஒரே தங்கை. சுங்கைப் பட்டாணியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கணவன் சுகுமாரன் தொழிற்சாலையில் வேலை செய்தான், தங்கமான பையன். கல்யாணமாகிச் சில வருஷத்திலேயே அவளுக்கு இரண்டு கிட்னியும் கெட்டுப்போய், வாரத்தில் மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் கிடந்தாள். அண்ணனின் ரத்தம் அவளுக்குப் பொருந்தியது. அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை, "எனக்கு ரெண்டு இருக்கு, அவளுக்கு ஒண்ணு கொடுங்க" என்றான். ஆனால் டாக்டரம்மா அவன் வயிற்றைப் பார்த்தார், ரத்த அழுத்தத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார். இப்படியே அறுத்தால் அவனுக்கும் ஆபத்து, எடையைக் குறைத்துக்கொண்டு வந்தால் பார்க்கலாம் என்று ஓர் அளவையும் சொல்லி அனுப்பினார்.

"அண்ணே, கிட்னிய எடுக்கிறதுக்கு முன்ன கொழுப்பத் தோண்டணும் போலருக்கே" என்று ஷீலா சிரித்தாள். உடம்பெல்லாம் ஊதிக் கிடந்தும் வாய் மட்டும் இளைக்காதவள் அவள்.

"சிரி, சிரி. இந்த ட்ரிப் போயிட்டு வர்றப்போ நான் யாருன்னே உனக்கு அடையாளம் தெரியாது பாரு."

"எனக்கு அதெல்லாம் வேணாம். மிஷின்ல படுத்தா ரொம்பக் குளிருது, கப்பல்காரங்க போத்திக்கிற மாதிரி தடிப்பா ஒண்ணு வாங்கிட்டு வா, போதும்."

இப்படிச் சொல்லி வழியனுப்பியவள்தான்.

அவன் சொன்னபடியே செய்தான். கப்பலின் அடித்தட்டில், எஞ்சின் இரைச்சலுக்குப் பக்கத்தில், அலமாரி அளவுக்கு ஓர் உடற்பயிற்சி அறை. ஓடுகிற மிஷினைத் தரையோடு போல்ட்டு போட்டு முடுக்கி வைத்திருந்தார்கள். எடைக்கட்டைகளைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். கப்பல் பின்னால் போய், வேகம் எடுத்து, பனியில் ஏறி இடிக்கும். அந்த இடியில் ஓடுகிறவன் முன்னால் போய்ச் சுவரில் மூக்கை உடைத்துக்கொள்வான். புவனேசனும் முதல் வாரம் உடைத்துக்கொண்டான். அப்புறம் சாமான் கட்டுகிற பட்டையை இடுப்பில் சுற்றி, பின்னால் இருக்கிற கம்பியில் கட்டிக்கொண்டு ஓடினான். கப்பல் பின்வாங்கும்போது வேகமாக ஓடுவான், முன்னால் பாயும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு நடப்பான். எஞ்சினில் வேலை செய்கிறவனுக்குக் கப்பல் எப்போது பாயும் என்று காலுக்கே தெரியுமே. சமையல்காரன் பொரித்த கோழியை நீட்டினால் கும்பிடு போட்டுவிட்டு, அவித்த முட்டையும் முட்டைக்கோஸும் வாங்கிக்கொள்வான். எல்லாவற்றையும் வீடியோ எடுத்து உமாராணிக்கு ஒன்று, ஷீலாவுக்கு ஒன்று என்று அனுப்புவான்.

எடை பார்ப்பதுதான் அங்கே பெரிய கூத்து. ஆடுகிற கப்பலில் எடை மிஷின் ஒரு நொடி ஒன்று காட்டும், மறுநொடி வேறொன்று காட்டும். கப்பல் பனியில் மாட்டி அசையாமல் நின்றால்தான் உள்ள எடை தெரியும். கப்பல் மாட்டிக்கொண்டால் மற்றவர்கள் எல்லாம் தலையில் கை வைப்பார்கள், இவன் மட்டும் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு எடை மிஷினுக்கு ஓடுவான்.

கப்பல் பனிக்குள் நன்றாகப் போய்விட்டிருந்த நேரம். ஷீலா காலையில் மிஷினுக்குக் கிளம்பக் கண்ணாடி முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தாள். சுகுமாரன் காடியை ஸ்டார்ட் பண்ணி வெளியே எடுத்து நிறுத்திவிட்டு, "வாலா, நேரமாவுது" என்று கூப்பிட்டான். பதில் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தால் சீப்பு கையில் இருக்கிறது, ஆள் தரையில் கிடக்கிறாள். நெஞ்சு நின்றுவிட்டது. அவ்வளவுதான். பாவி மகள், ஒரு வார்த்தை சொல்லாமல் போய்விட்டாள்.

உமாராணி போனை எடுத்துக் கணவனைக் கூப்பிடப் போனாள். மாமியார் தேவகி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பெற்ற மகளைப் பறிகொடுத்தவர், அழுகையை அப்படியே விழுங்கிவிட்டுச் சொன்னார்: "சொல்லாதம்மா. அவனால வர முடியாது. கப்பல் திரும்பாது. எஞ்சின் பக்கத்துல நிக்கிறவன், கை நடுங்கிச்சுன்னா? சுத்தி ஐஸு, கட்டிப்பிடிச்சு அழ ஒரு மனுஷன் இல்ல. ஒண்ணு போனது போதும். இன்னொண்ணையும் நான் பறிகொடுக்க மாட்டேன். கரைக்கு வரட்டும், சொல்லிக்கலாம்."

சாவு வீட்டில் ஒரு தாய் இப்படிச் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவது? சுகுமாரன் தலையாட்டினான். உமாராணியும் தலையாட்டினாள். அந்த ஒரு தலையாட்டலுக்கு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

முதல் பாடு அன்றைக்கே வந்தது. குளிப்பாட்டி, கோடி போடுகிற நேரம். சாவுக் காரியம் பார்க்கிற அய்யாவு வாசலில் நின்று குரல் கொடுத்தார்: "பொறந்த வீட்டுக் கோடி யாரு கொண்டாந்திருக்கீங்க? கூடப் பொறந்தவன் எங்க?" எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். கட்டிக்கொடுத்த பெண் கண்ணை மூடினால் கடைசியாகப் போர்த்துகிற சேலை அண்ணன் கையால் வரவேண்டும். அதில்லாமல் எப்படித் தூக்குவது? உமாராணி ஒரு சேலையோடு எழுந்தாள். சுங்கைப் பட்டாணிக் கடையில் அவளே அவசரத்தில் வாங்கிவந்த சிவப்புச் சேலை அது. புவனேசனின் சட்டை ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, "அவரு கையா நான் போடுறேன்" என்று சொல்லிப் போர்த்தினாள். அப்போதுகூட அவளால் வாய்விட்டு அழ முடியவில்லை. பையில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவன்தான், ஓடி முடித்துவிட்டு வீடியோ அனுப்பியிருந்தான்.

சாம்பலைக் கோலா கெடா கடலில் கரைத்தார்கள். சுகுமாரனுக்கு அங்கே படகுக்காரர் ஒருவரைத் தெரியும். திரும்பி வந்ததும் அவன் ஷீலாவின் போனை உமாராணி கையில் வைத்தான். "மச்சான் மெசேஜ் போட்டுட்டே இருக்காருக்கா. என்னால பாக்க முடியல. நீங்களே ஏதாச்சும் பதில் போட்டுடுங்க."

என்ன வேலை இது! செத்தவள் போனில் உயிரோடு இருப்பவள் பதில் எழுதுவதா? ஆனால் எழுதினாள். ஷீலா எப்படிக் கிண்டல் பண்ணுவாள் என்று அவளுக்குத் தெரியாதா? "என்னண்ணே, தொப்பை இன்னும் தெரியுதே, வீடியோவைத் தூரமா வச்சு எடு" என்று போட்டாள். அவன் அந்தப் பக்கம் விழுந்து விழுந்து சிரித்துக் குரல் அனுப்பினான். "பேசுலா, உன் குரலக் கேட்டு நாளாச்சு" என்று கேட்டான். "தொண்டை கட்டிக்கிச்சு" என்று போட்டாள். இன்னொரு நாள் "மிஷின்ல இருக்கேன்" என்று போட்டாள். நாத்தனாருக்காக அழ அவளுக்கு நேரமே கிடைக்கவில்லை, நாத்தனாராக இருப்பதே முழுநேர வேலையாகிவிட்டது.

ஒரு மத்தியானம் அந்த வீடியோ வந்தது. கப்பல் பனியில் மாட்டி நிற்கிறது. ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. புவனேசன் அரைக்கால் சட்டையோடு எடை மிஷினில் ஏறி நிற்கிறான், விலா எலும்பு தெரிகிறது. டாக்டரம்மா சொன்ன அளவுக்கு முள் வந்து அசையாமல் நின்றது. கேமராவைத் தன் பக்கம் திருப்பினான். கண்ணெல்லாம் தண்ணீர்.

"ஷீலா! வந்துட்டேன்லா! பிரஷரும் சரியா இருக்கு. இனிமே யாரும் வேணாம்னு சொல்ல முடியாது. டாக்டர்கிட்ட நாள் குறிச்சு வையி. அண்ணன் வர்றேன், என்ன?"

உமாராணி அடுப்பை அணைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சொல்லிவிடலாமா என்று விரல் போனது. சொன்னால்? அந்த வெள்ளைக்குள் அவன் தனியாக இந்தச் சேதியோடு என்ன செய்வான்? கண்ணைத் துடைத்துக்கொண்டு ஷீலாவின் போனில் எழுதினாள்: "நீ கெட்டிக்காரண்ணே. பத்திரமா வா."

அவன் வந்தான். பினாங்கு விமான நிலையத்துக்கு அவள் மட்டும் காடி எடுத்துக்கொண்டு போனாள். வீட்டுக்கு வந்து நாலு வாய் சாப்பிட்ட பிறகு தானே சொல்வதாக மாமியார் சொல்லியிருந்தார். கூட்டத்தில் அவனை அவளுக்கு உண்மையிலேயே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, தோள் திரண்டு, பத்து வயது குறைந்து நின்றான். பையை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தவன், ஒரு தடித்த கம்பளிப் போர்வையை மட்டும் கையிலேயே வைத்திருந்தான்.

"பாத்தியா உமா? சொன்னேனா இல்லையா?" வயிற்றில் தட்டிக் காட்டினான். "இது ஷீலாவுக்கு. துறைமுகத்துல தேடித்தேடி வாங்கினேன். நேரா அவ வீட்டுக்கு விடு."

"அத்தை சாப்பாடு ஆக்கி வச்சிருக்காங்க. முதல்ல வீட்டுக்கு..."

"சாப்பாடு எங்க ஓடுது? முதல்ல அவ என்னைப் பாக்கட்டும்."

பினாங்குப் பாலம் தாண்டும் வரை அவன்தான் பேசினான். ஆப்பரேஷன் முடிந்து ஷீலா எழுந்தால் என்னவெல்லாம் தின்னவேண்டும், எங்கே கூட்டிப்போகவேண்டும், எல்லாம். சுங்கைப் பட்டாணி வரைக்கும் இதைக் கேட்டுக்கொண்டு அவளால் ஓட்ட முடியவில்லை. நெடுஞ்சாலை ஓரத்து ஓய்விடத்தில் காடியை நிறுத்தினாள். நல்ல வெயில். பக்கத்தில் ஒரு குடும்பம் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"என்னங்க, ஷீலா இல்லங்க" என்றாள்.

"இல்லன்னா? ஆஸ்பத்திரியிலயா?"

"போயிட்டா. தலை சீவிட்டு இருந்தவ அப்படியே விழுந்துட்டா. நெஞ்சு நின்னுருச்சு."

அவன் அவளையே பார்த்தான். பிறகு, மிகவும் மெதுவாக, "எப்ப?" என்றான்.

சொன்னாள். அவன் மனசுக்குள் நாட்களைப் பின்னால் தள்ளிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. "அப்ப... எடை காட்டினேனே, அதுக்கு முன்னயேவா? நீ கெட்டிக்காரண்ணேன்னு போட்டாளே?"

"நான்தான் போட்டேன்."

"தொப்பை தெரியுதுன்னு?"

"அதுவும் நான்தாங்க."

அவன் டேஷ்போர்டில் ஓங்கி அறைந்தான். நாசி லெமாக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. "செத்தவளுக்காடி நான் ஓடினேன்? அவ வெந்து சாம்பலாப் போயிட்டா, நான் அங்க பட்டையக் கட்டிக்கிட்டு ஓடிட்டிருக்கேன்! சிரிச்சேண்டி நான், சிரிச்சுக் குரல் அனுப்பினேன்!" போர்வையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அலறினான். அவள் அவன் முதுகில் கை வைத்தாள். உதறிவிடுவான் என்று நினைத்தாள், அவன் உதறவில்லை.

வெகுநேரம் கழித்துத் தலையைத் தூக்கினான். "கோடி யாரு போட்டா?"

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இத்தனை நாளும் பயந்தாள். "நான். உங்க சட்டையத் தோள்ல போட்டுக்கிட்டு, உங்க கையா."

"கூடப் பொறந்தவன் ஒருத்தன் உசுரோட இருக்கேன்ல, உமா?" என்றான். திட்டவில்லை, கேட்டான். அவள் காடியை வீட்டுப் பக்கம் திருப்பினாள்.

வீட்டில் தேவகி மகனைக் கட்டிக்கொண்டார். முதுகைத் தடவினார், விலாவைத் தடவினார். "இளைச்சுப் போயிட்டியேடா" என்று ஓவென்று அழுதார். ஏன் மறைத்தீர்கள் என்று அவன் தாயிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இந்த உடம்ப வச்சுக்கிட்டு இப்ப நான் என்னம்மா பண்றது?" என்று மட்டும் கேட்டான். போட்ட சோறு தட்டிலேயே காய்ந்துபோனது.

மறுநாள் காலை அவனும் உமாராணியும் சுகுமாரனும் கோலா கெடாவுக்குப் போனார்கள். ஃபெரிக்கு நிற்கிற கூட்டத்தைத் தாண்டி, மீன் கூடைகளைத் தாண்டி, அதே படகில் ஏறினார்கள். முகத்துவாரத்தைக் கடந்ததும் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தி, "இங்கதான்" என்று கை காட்டினார். சேறு கலந்த தண்ணீர்.

புவனேசன் போர்வையைப் பிரித்து, இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீரில் விரித்தான். தடித்த கம்பளி, உடனே முழுகவில்லை. அலை அதைத் திரும்பத் திரும்பப் படகிடமே கொண்டுவந்தது. அவன் கையால் அமுக்கினான், அது ஓர் ஓரத்தில் எழும்பியது. சுகுமாரன் முகத்தை மூடிக்கொண்டான். உமாராணி கணவனுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, எழும்பிய ஓரத்தைத் தன் கையால் அமுக்கிப் பிடித்தாள். கம்பளி கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் குடித்துக் கனத்தது.

"போத்திக்கம்மா" என்றான் புவனேசன். "இனிமே குளிராது. அண்ணன் வந்துட்டேன்."