கார் உரிமையாளர் தோமஸ்

சவப்பெட்டிக்குள் கிடந்த கணவன் ஆலனின் டையைப் பிரியம்வதா நேராக்கிக்கொண்டிருந்தபோதுதான் முன்வரிசையில் ஜெயகௌரியின் குரல் எழும்பியது. லண்டன் இல்ஃபோர்டில் எந்த மண்டபத்தில் எவருடைய செத்தவீடு என்றாலும் முதல் கதிரை ஜெயகௌரிக்குத்தான். அவர் கிசுகிசுத்தால் வாசலில் நிற்கும் சவவண்டிச் சாரதிக்கும் கேட்கும்.

"அந்தக் காலத்திலையே கார் வைச்சிருந்த பரம்பரையாம். பாத்தால் தெரியேல்லை, என்ன? மனுசன் பஸ் எல்லோ ஓடினவர்."

பிரியம்வதாவின் கை டையிலேயே நின்றது. பிறகு வந்து, ஜெயகௌரியின் விரலிடுக்கிலிருந்து மரண அறிவித்தல் தாளை உருவினாள்.

எழுதியவர் தமையன் குலசேகரம். யாழ்ப்பாணத்து அறிவித்தல் என்றால் பிறப்பிடம், வதிவிடம், பேரன், பூட்டன், மைத்துனர், சகலன் என்று ஒரு பக்கமாவது ஓடவேண்டும். வெள்ளைக்கார மாப்பிள்ளைக்கு அவ்வளவுக்கு ஆட்கள் எங்கே? தங்கை எழுதிக் கொடுத்த ஒரேயொரு மூதாதையைக் குலசேகரம் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்: 'அன்னார், 1868ஆம் ஆண்டளவில் லண்டனில் கார் உரிமையாளராக விளங்கிய தோமஸ் அவர்களின் பூட்டப்பிள்ளையும்…'

"இது என்ன அண்ணை?"

"ஏன், வடிவாத்தானே கிடக்கு."

"கார்மேன் எண்டெல்லோ நான் எழுதித் தந்தனான்."

"ஓம். கார் வைச்சிருந்த மனுசன். கொஞ்சம் மரியாதையா உரிமையாளர் எண்டு போட்டன்."

"அந்த வருசம் காரோ அண்ணை?"

குலசேகரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப கார்மேன் எண்டால்?"

"குதிரை வண்டிக்காரன்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அப்ப இது இப்பிடியே இருக்கட்டும் பிள்ளை. ஆருக்குத் தெரியப்போகுது."

ஆலன் வீட்டில் நாலு தலைமுறையாகத் தோமஸ் என்றால் வெறிக்குட்டி, குடித்துவிட்டுக் கொமர்ஷல் றோட்டில் ஒரு கிழவியை நிலக்கரி வண்டியால் ஏற்றிக் கொன்றவன். அவன் பெயரை யாரும் எடுப்பதில்லை. அதே றோட்டில் முப்பத்தொரு வருசம் பஸ் ஓட்டிய ஆலன், பென்ஷன் எடுத்த கையோடு பழைய வழக்குப் பதிவுகளில் மூன்று வருசம் மூழ்கிக் கிடந்தான். பிரேக் சங்கிலி அறுந்திருக்கிறது என்று தோமஸ் முதலாளியிடம் இரண்டு தரம் சொல்லியிருக்கிறான். முதலாளியோ கூண்டிலேறி, இவன் குடித்திருந்தான் என்று சத்தியம் செய்திருக்கிறான். வெறி மணக்கவேயில்லை என்று பிடித்த பொலிஸ்காரனே சொல்லியும், ஜூரிமார் நம்பியது நல்ல கோட்டுப் போட்டவனைத்தான். ஒன்பது மாதக் கடூழியம். சாகும் கிழமை ஆலன் கேட்டது ஒன்றே ஒன்று: தன் அறிவித்தலில் தோமஸ் இருக்கவேண்டும், தொழிலோடு.

"அண்ணை, வண்டிக்குச் சொந்தக்காரன்தான் பொய் சொல்லி அவனை உள்ளுக்குத் தள்ளினவன். நீங்கள் தோமஸையே அந்தக் கள்ளனாக்கிப் போட்டியள்."

"ஒரு சொல்லுத்தானே பிள்ளை."

"அந்த முதலாளியும் கூண்டிலை ஒரு சொல்லுத்தான் சொன்னவன்."

நேரமாகிவிட்டது, பெட்டியை மூடலாமா என்று கறுப்புக் கோட்டுப் போட்ட மண்டப ஊழியர் வந்து பணிவாகக் கேட்டார். முடியாது என்றாள் பிரியம்வதா. தமையனின் சட்டைப்பையிலிருந்து நீல ஜெல் பேனையை எடுத்தாள். மேசையிலிருந்த தாள்கட்டை மடியில் வைத்து, முதல் தாளில் 'கார் உரிமையாளராக' என்பதைக் கோடிழுத்து வெட்டினாள். இன்னும் நூற்றுத் தொண்ணூற்றொன்பது இருந்தன. மண்டபம் முழுக்க வாய் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் எழும்பியது ஜெயகௌரிதான். இப்படியொரு விசயத்தைத் தள்ளியிருந்து பார்க்க அவரால் ஏலுமா?

"இஞ்சை தாரும், எனக்கும் ஒரு கட்டு." கைப்பைக்குள் துழாவிப் பேனையை எடுத்தார். "வண்டிக்காரன் எண்டோ, வண்டிக்காரர் எண்டோ எழுதுறது?"

பிரியம்வதா நிமிரவில்லை.

"ர் போடுங்கோ."

மற்றவர்களும் ஆளுக்கொரு கட்டாக வாங்கிக்கொண்டார்கள். மை காயுமுன்னரே கடைசிப் பார்வைக்கு வரிசை நகர்ந்தது. வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியின் விளிம்பைத் தொட்டுவிட்டுப் போனார்கள். வெள்ளைப் பலகையில் நீல விரலடையாளங்கள் கூடிக்கொண்டே போயின.