அரை வாக்கு

பக்கத்து வீட்டுப் பவளக்கொடி அமெரிக்கத் தேர்தலுக்கு வாக்குப் போட லண்டனுக்குள்ளேயே ரயில் ஏறிப் போகிறார் என்று கேள்விப்பட்டதும் றோஸ்மலருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. முதியோர் இல்லத்தில் அன்று அவளுக்கு ஷிப்ட் இல்லை. கோட்டை மாட்டிக்கொண்டு தானும் வருவதாகக் கிளம்பிவிட்டாள்.

பவளக்கொடி ஈப்போவில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் படிக்கப் போய், மிச்சிகன் மாநிலத்தில் கார் கம்பெனி ஒன்றில் பொறியியலாளராக இருந்து, மலேசியக் குடியுரிமையை விட்டு அமெரிக்கர் ஆனவர். பிறகு வேலை அவரை லண்டனுக்குக் கொண்டுவந்தது. நோர்பரியில் வீடு வாங்கினார். மன்னாரிலிருந்து வந்த றோஸ்மலரின் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர்தான்.

அது 2008ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதம். ரயிலில் பவளக்கொடி விளக்கிக்கொண்டு வந்தார். தன் கட்சி சார்பில் ஜனாதிபதித் தேர்தலில் யார் நிற்பது என்பதற்கே முதலில் ஒரு தேர்தல். ஒவ்வொரு மாநிலத்து மக்களும் போடும் வாக்குக்கு ஏற்பப் பிரதிநிதிகள் தெரிவாவார்கள். அவர்கள் ஆகஸ்டில் மாநாட்டில் கூடி வேட்பாளரை முடிவுசெய்வார்கள். வெளிநாட்டில் இருக்கும் கட்சிக்காரர்களையும் ஒரு மாநிலம் மாதிரி வைத்து இம்முறை வாக்குக் கேட்கிறார்கள்.

“அப்ப லண்டனும் ஒரு மாநிலமோ?” என்றாள் றோஸ்மலர். அவளுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று.

மண்டபத்தில் நல்ல கூட்டம். வரிசை நகர்ந்து மேசைக்கு வந்ததும், அங்கிருந்த இளைஞன் கையெழுத்துக்கு ஓர் உறுதிமொழித் தாளை நீட்டினான். பவளக்கொடி பேனாவை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

“இந்த ஆண்டு வேறெந்த மாநிலத்திலும் வாக்களிக்கவில்லை என்று எழுதியிருக்கிறதே. போன மாதம் மிச்சிகனுக்குத் தபாலில் வாக்கு அனுப்பினேன். ஆனால் குறித்த தேதிக்கு முன்பே தேர்தல் வைத்துவிட்டார்கள் என்று கட்சி அதை ஏற்கவில்லை. மிச்சிகன் பிரதிநிதிகளுக்கு மாநாட்டில் இடமே இல்லையாம். இப்போது நான் வாக்களித்தவளா, வாக்களிக்காதவளா?”

இளைஞன் பக்கத்து மேசைப் பெண்ணைப் பார்த்தான். எண்ணப்படாதது வாக்கே அல்ல, கையெழுத்துப் போடலாம் என்றாள் அவள். அதெப்படி, போட்டது போட்டதுதானே என்றான் அவன். பின்னால் நின்ற புளோரிடாக்காரர் ஒருவர், தனக்கும் இதே சிக்கல்தான் என்று முன்னால் வந்தார். சற்று நேரத்தில் வரிசையே இரண்டு கட்சியாகிவிட்டது. றோஸ்மலர் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு பக்கமும் நியாயம் போலத்தான் பட்டது.

கடைசியில் இளைஞன் சொன்னான்: “கையெழுத்து உங்களுடையது. நீங்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.”

“போடுங்கோவன் அக்கா, அதுதான் செல்லாதெண்டிட்டினமே,” என்றாள் றோஸ்மலர் மெதுவாக.

“நாளைக்கு அவங்க மனசு மாறி அதையும் எண்ணிட்டா? அப்ப நான் ரெண்டு தடவ போட்டவளா ஆயிடுவேன்லா.”

பவளக்கொடி பேனாவை வைத்துவிட்டார்.

திரும்பும் வழியில் றோஸ்மலருக்கு ஒன்றைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “மிச்சிகனில ஆருக்குப் போட்டனீங்கள்?”

“யாருக்கும் இல்ல. எனக்குப் பிடிச்சவரு கட்சி சொன்னதக் கேட்டு அங்க தன் பேர எடுத்துட்டாரு. பேர எடுக்காதவங்க இருந்தாங்க, அவங்களுக்குப் போட மனசில்ல. ‘யாரையும் சாராதவர்’னு ஒரு கட்டம் இருந்துச்சு. அதுல குறி வச்சேன்.”

றோஸ்மலருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “செல்லாத தேர்தலில ஒருத்தருக்கும் இல்லாத வாக்கோ! இஞ்ச மேயர் தேர்தலிலயாவது ஒழுங்காப் போடுங்கோ.”

“இங்க எனக்கு ஏது ஓட்டு? மலேசியக்காரியாவே இருந்திருந்தா காமன்வெல்த் நாட்டுக்காரின்னு குடுத்திருப்பாங்க. உனக்கு இருக்கே, ரோஸ்.”

இருந்தது. முந்தைய தேர்தல்களுக்குத் தன் பெயர் போட்டு வாக்காளர் அட்டைகள் வந்தது றோஸ்மலருக்கு நினைவிருந்தது. பீட்சாக்கடை நோட்டீஸ்களோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருந்தாள். இம்முறை வந்த அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து, மே முதலாம் தேதி பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குப் போய்வந்தாள். சீட்டில் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று இரண்டு பத்தி இருந்ததைப் பவளக்கொடி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று துருவித் துருவிக் கேட்டார்.

அந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை மிச்சிகன், புளோரிடா விவகாரத்தைக் கட்சியின் விதிக்குழு வாஷிங்டனில் விசாரித்தது. மத்தியானத்திலிருந்து இருவரும் பவளக்கொடியின் மடிக்கணினி முன்னால் இருந்தார்கள். நீள மேசைகளில் குழுவினர் அமர்ந்திருக்க, பின்னாலிருந்த கூட்டம் கை தட்டியது, கூச்சல் போட்டது. மாநாட்டில் உட்கார ஒரு கதிரைக்கு இவ்வளவு சண்டையா என்று றோஸ்மலர் வியந்தாள். முடிவு வருமுன் சனி மாலைப் பூசைக்கு எழுந்து போகவேண்டி இருந்தது அவளுக்கு.

மறுநாள் மத்தியானம் வந்ததும் வராததுமாகக் கேட்டாள்: “என்னண்டு முடிஞ்சுது?”

“இடம் குடுத்துட்டாங்க. ஆனா ஒரு பிரதிநிதிக்கு அரை ஓட்டு.”

“அரை வாக்கோ? எந்தப் பாதி?”

பவளக்கொடி சிரித்தார். “இன்னும் கேளு. நான் குறி வச்ச ‘யாரையும் சாராதவர்’ கட்டத்தோட பிரதிநிதிகள என் ஆளுக்கே குடுத்துட்டாங்க. அதுக்கு மேலயும் கொஞ்சம்.”

“அவர்தான் சீட்டிலயே இல்லையே! நீங்கள் அவரைத்தான் நினைச்சனீங்கள் எண்டு அவைக்கு என்னண்டு தெரியும்?”

“யூகம்தான். எனக்குச் சரியா வந்துடுச்சு. ஷெர்லிக்கு எப்படின்னு தெரியல. அவளும் அங்கதான் குறி வச்சிருப்பா. ஆனா அவளுக்குப் பிடிச்சது பேர எடுத்துட்ட இன்னொருத்தரு.”

ஷெர்லி, மிச்சிகனில் பவளக்கொடியோடு ஒரே பிரிவில் வேலைபார்த்தவள். றோஸ்மலர் விடவில்லை. “கேட்டுப் பாருங்கோ அக்கா. அவவின்ரை வாக்கு ஆரிட்டப் போச்சுதெண்டு அவவுக்குத் தெரியோணும்தானே.”

அங்கே விடிந்திருக்கும் என்று கணக்குப் பார்த்துப் பவளக்கொடி அழைத்தார். றோஸ்மலரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார்.

“நான் வாக்களிக்கவே போகவில்லையே, பவளம்,” என்றது ஷெர்லியின் குரல். “செல்லாது, செல்லாது என்று டிவியில் எல்லாரும் சொன்னார்கள். வெளியே பனி. எதற்கு என்று இருந்துவிட்டேன். அரை வாக்காவது தேறும் என்று யாராவது சொல்லியிருந்தால் நடந்தே போயிருப்பேன்.”

பிறகு ஷெர்லி தன் பேரப்பிள்ளை பற்றிப் பேசினாள். பவளக்கொடி ‘ம்’ கொட்டிக்கொண்டிருந்தார். போனை வைத்த பிறகும் அவர் முகம் தெளியவில்லை.

“நான் தபால்ல போட்டதே ஒரு வீம்புக்குத்தான், ரோஸ். செல்லாதுன்னு எனக்கும் தெரியும்.”

“உங்களுக்கு அரை கிடைச்சிட்டுது. சொன்னதை நம்பி வீட்டில இருந்தவைக்கு?”

“ஒண்ணும் இல்ல.”

ஷிப்டுக்கு நேரமாகியும் றோஸ்மலருக்கு எழுந்திருக்க மனம் வரவில்லை. “அவையளைப் பற்றியும் நேற்று அந்த மேசையில ஆரும் கதைச்சவையோ?”

“நீ பூசைக்குப் போனப்புறம் நான் பாதிதான் பார்த்தேன்,” என்று பவளக்கொடி மடிக்கணினியை மறுபடி திறந்தார். “பதிவு இருக்கும். இரு, தேடிப் பார்ப்போம்.”