காஸ்மிர் பந்தை விடவில்லை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் எங்கள் விஸ்கான்சின் ஊரின் உறைந்த ஏரி என் காலடியில் உடையட்டும்.

சவப்பெட்டி மூடியின்மேல் ஏறி உட்கார்ந்தும் பார்த்துவிட்டார் பெட்டி செய்த ஹெர்மன். மூடவில்லை.

"இன்னும் கொஞ்சம் அமுக்குங்க," என்றாள் புரோன்யா.

"அமுக்கினா பலகை உடைஞ்சுடும்மா. பந்தை எடுத்தாத்தான் ஆச்சு."

அவள் கணவன் காஸ்மிர், கூடைப்பந்தை மார்போடு அணைத்தபடியே உயிரை விட்டிருந்தான்.

நான்கு வருடம் முன்பு, நாற்பத்தொன்பதின் குளிர்காலத்தில், எங்கள் காகித ஆலை அணி சம்பளத்துக்கு ஆடியது. பெரிய நகரத்து அணிகளையெல்லாம் தோற்கடித்தது. அப்போது பந்தை எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் கையில் வைத்திருக்கலாம். ஒரு புள்ளி முந்திவிட்டால் போதும், பந்து காஸ்மிரிடம் போய்விடும். பிறகு எவனாலும் பிடுங்க முடியாது. ஒருமுறை அவன் பந்தோடு நின்ற நேரத்தில், மழித்துவிட்டு வந்த எதிரணிக்காரனுக்குத் தாடி முளைத்தது. ஆட்டநேரம் முடிந்ததும் ஆட்டக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளும் நான் துப்பாக்கியில் வெற்றுத் தோட்டா போட்டுச் சுடுவேன். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பந்தைக் கீழே வைப்பான்.

ஜெயித்துக்கொண்டே இருந்தோம். "போடுடா!" என்று கத்திய கூட்டம் உருளைக்கிழங்கை எறிந்தது, பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டது. முதலாளி அணியை நகரத்துக்கு விற்றார். மற்றவர்கள் அணியோடு போனார்கள், காஸ்மிரை விட்டுவிட்டு. அணியைக் கொன்றவன் அவன்தான் என்று ஊர் முடிவுகட்டியது. ரொட்டிக்கடையில்கூட அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

"தூக்க ஆறு பேர் வேணுமே, லுட்விக். வருவாங்களா?" என்று காலையில் புரோன்யா கேட்டிருந்தாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான்.

"வருவாங்க," என்றேன்.

வந்தார்கள். ஊரே வந்தது. அணித்தலைவன் ஆர்வில் பழைய ஆட்டக்காரர்களோடு ரயிலில் வந்து இறங்கினான்.

"தள்ளுங்க எல்லாரும். டேய் காஸ், குடுடா!" என்று பந்தை இழுத்தான். பெட்டிதான் நகர்ந்தது. எல்லோரும் சேர்ந்து இழுத்தார்கள்.

"உசுரோட இருந்தப்பவே புடுங்க முடியல, இப்பவா?" என்றான் ரொட்டிக்கடைக்காரன்.

பழக்கதோஷத்தில் யாரோ "போடுடா!" என்று கத்தினார்கள். பாதிரியார்கூட சிரித்துவிட்டு இருமினார்.

புரோன்யா சிரிக்கவில்லை. "என்னை ஒருநாள் இப்படிப் புடிச்சிருப்பானா, பாவி மனுஷன்," என்றவள் என் பக்கம் திரும்பினாள். "ஆட்டம் முடிஞ்சுதுன்னு அவனுக்கு யாரு சொன்னா? சுடுங்க, லுட்விக்."

சுட்டேன். விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. பந்து தரையில் விழுந்து துள்ளி, உருண்டு, ஆர்விலின் காலடியில் நின்றது. அவன் அதை எடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றினான். பிறகு ரொட்டிக்கடைக்காரன் கழற்றினான். அப்புறம் ஊரே கழற்றியது. தோள் கொடுக்க ஆட்டக்காரர்கள் முண்டியடித்தார்கள். புரோன்யா நிமிர்ந்து நடந்தாள்.

சரி, ஏரி உடைந்தால் உடையட்டும். உண்மையில் அன்று அடக்கத்துக்கு வந்தவர்கள் புரோன்யாவும் நானும்தான். பெட்டியை ஹெர்மனின் கைவண்டியில் வைத்து நாங்களே தள்ளிக்கொண்டு போனோம்.