விசுவாச ஜாக்கெட்

என் எடை தொண்ணூற்றாறு கிலோ என்று முதலில் தெரிந்துகொண்டவர் டாக்டர் சுப்ரஜா. அடுத்துத் தெரிந்துகொண்டது எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியம், மொத்தம் நாற்பது பேர். நடுவில் நின்று அந்தத் திருப்பணியைச் செய்தவர் என் கணவர் ஆஸ்டினுடைய அக்கா ரத்தினபாய். எங்கள் பக்கத்து வழக்கப்படி அவரை மைனி என்று கூப்பிடுவேன். மனசுக்குள் வேறு பெயர்களும் உண்டு.

மைனி தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். பள்ளிக்கூடம் கையை விட்டுப் போனதும் அசெம்பிளி நடத்த அவருக்குச் சபைதான் மிஞ்சியது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் எழுந்து நின்றார். "நம்ம கெசியா ஒல்லியாகறதுக்கு ஊசி ஆரம்பிச்சிருக்கா. இப்ப தொண்ணூத்தாறு. பிப்ரவரியில எபி கல்யாணத்துக்குள்ள இருபது கிலோ குறையணும். எல்லாரும் விசுவாசத்தோட ஜெபிங்க" என்றார். எபி அவருடைய ஒரே மகன். நான் பின்வரிசையில் பாதி சமோசாவோடு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் திரும்பி என்னைப் பார்க்கவில்லை, சமோசாவைப் பார்த்தார்கள்.

இருபது எங்கிருந்து வந்தது? நான் சொல்லவில்லை. டாக்டரும் சொல்லவில்லை. நான் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறவள். வழி காட்டாமல் விடையை மட்டும் எழுதினால் மார்க் போடமாட்டேன்.

இரும்புலியூரில் ஒரு மாடி கிளினிக்கில் டாக்டர் சொன்னது வேறு.

"உங்களுக்கு சுகர் இருக்கு, அதனால கொஞ்சம் மெதுவாத்தான் இறங்கும். ஆறு மாசத்துல அஞ்சுலேர்ந்து பத்து சதவீதம் குறைஞ்சா அதுவே நல்ல ரிசல்ட். சில பேருக்கு அதுக்கு மேலயும் குறையும், சில பேருக்கு அதுகூட குறையாது. வாரம் ஒரு ஊசி, டோஸை மெல்ல மெல்லத்தான் ஏத்துவோம். குமட்டும், வாந்தி வரலாம். கூடவே நடக்கணும், புரோட்டீன் சாப்பிடணும். ஊசியை நிறுத்தினா நிறைய பேருக்குத் திரும்ப ஏறிடுது, அதையும் இப்பவே சொல்லிடறேன்."

"அப்ப எதுக்கு டாக்டர் இவ்வளவு பாடு?"

"அதை நீங்கதான் சொல்லணும். எடை குறைஞ்சா உங்களால என்ன செய்ய முடியணும்? கிலோ கணக்கு சொல்லாதீங்க."

யோசிக்கவே இல்லை. "இருபத்திமூணு படி ஏறணும்" என்றேன்.

எங்கள் கோயிலில் பாடகர் குழு உட்காருவது மேலே, கேலரியில். ஏறிப் போக இருபத்துமூன்று மரப்படிகள், செங்குத்தாக. பதினெட்டு வருஷம் அங்கே நின்று ஆல்ட்டோ, அதாவது முக்கிய ராகத்துக்குக் கீழே ஓடும் பெண்களின் தாழ்ந்த குரல், பாடியவள் நான். மூன்று வருஷத்துக்கு முன்னால் முட்டியும் மூச்சும் கூட்டுச் சேர்ந்து என்னைக் கீழே இறக்கிவிட்டன. கீழே உட்கார்ந்து ஆல்ட்டோ பாடிப் பாருங்கள், தெரியும். பக்கத்தில் இருப்பவர்கள் ராகம் தப்பிவிட்டது என்று திரும்பி முறைப்பார்கள். அதனால் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருஷம்! சிறுசேரியில் வேலை பார்க்கும் எபி, நிச்சயதார்த்தத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, என் கல்யாணத்துல நீங்க மேலேர்ந்து பாடணும்" என்றான். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். அதற்காகத்தான் வயிற்றில் ஊசி குத்திக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை தோறும் குத்திக்கொண்டேன். ஃப்ரிட்ஜில் தோசை மாவுக்குப் பக்கத்தில் ஊசிப் பேனா குடியேறியது. முதல் இரண்டு மாதம் சாம்பார் கொதிக்கிற வாசனைக்கே குமட்டியது. இரண்டு இட்லியில் வயிறு போதும் என்றது. நாற்பத்தேழு வயசில் முதல்முறையாக அதன் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்கிறேன். சாயங்காலம் பீர்க்கன்கரணை ஏரி ஓரமாக நடந்தேன். சனிக்கிழமைகளில் யாரும் வருவதற்கு முன்னால் கோயிலுக்குப் போய்ப் படி ஏறிப் பார்த்தேன். செப்டம்பரில் ஒன்பது படி. டிசம்பரில் பதினெட்டு.

சபையில் யாரும் படிக்கணக்கு கேட்கவில்லை. "எத்தனை போச்சு?" அதுதான் கேள்வி. நற்கருணைக்கு வரிசையில் நிற்கும்போதுகூட ஒரு அம்மாள் காதோரம் குனிந்து கேட்டார். கிறிஸ்துமஸ் சமயத்தில் தொண்ணூறு கிலோ. "ஆறுதானா? ஊசி டூப்ளிகேட்டா இருக்கும், நல்லா பாரு" என்றார்கள். டாக்டர் மட்டும் என் சுகர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "சூப்பர்" என்றார்.

ஜனவரியில் ஜாக்கெட் வந்தது.

கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லாருக்கும் ஒரே கிளிப்பச்சைப் பட்டு. ஜாக்கெட் எல்லாம் மைனி பொறுப்பு. பொட்டலத்தைப் பிரித்துப் போட்டேன். கை, முழங்கைக்கு மேல் ஏறமாட்டேன் என்றது. தப்பான ஜாக்கெட் வந்துவிட்டது என்று நினைத்து டெய்லர் ராகவேந்திராவிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். இருபது வருஷமாக எனக்குத் தைக்கிறவர்.

"உன்துதான் டீச்சர். ரத்தினபாய் மேடம்தான் அளவு குடுத்தாங்க. 'இப்ப கீற அளவு வேணாம், ஆவப்போற அளவுல தை'ன்னாங்க. உள்ள ரெண்டு இன்ச்சு துணி வுடறேன் மேடம், அப்பால பிரிச்சுக்கலாம்னு சொன்னேன். 'அது அவிசுவாசம், வெட்டிடு'ன்ட்டாங்க. நான் இன்னா பண்றது?"

உலகத்தில் எந்த ஊரிலாவது விசுவாசத்தை வைத்து ஜாக்கெட் வெட்டுவார்களா? எங்கள் வீட்டில் வெட்டுவார்கள். அங்கேயே நின்று மைனிக்கு போன் போட்டேன்.

"ஆமா, விசுவாசமா அளவு கொடுத்தேன். இன்னும் நாலு வாரம் இருக்கே கெசியா, மனசு வச்சா முடியும். போட முடியலேன்னா போட்டோவுல பின்னாடி நின்னுக்கோ. ஒருத்தி மட்டும் வேற கலர்ல நின்னா ஆல்பமே பாழாயிடும்."

அன்றைக்கு நான் செய்த காரியத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். வெள்ளிக்கிழமை ஊசி போட்டிருந்தேன். திங்கட்கிழமை இன்னொன்று போட்டுக்கொண்டேன். பிள்ளைகளுக்கு விகிதம் நடத்துகிறவள்! டோஸ் இரண்டு மடங்கானால் பலனும் இரண்டு மடங்கு என்று என் புத்தி கணக்குப் போட்டது. செவ்வாய், புதன் இரண்டு நாளும் குடித்த தண்ணீர்கூட வெளியே வந்தது. ஆஸ்டின் ரயில்வே ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு என்னை ஆட்டோவில் அள்ளிக்கொண்டு போனார். டிரிப்ஸ் ஏறும்போது டாக்டர் சுப்ரஜா பக்கத்தில் வந்து நின்றார். அவ்வளவு கோபத்தில் அவரைப் பார்த்ததில்லை.

"இந்த ஊசியை உங்க சுகருக்கும் முட்டிக்கும் எழுதிக் கொடுத்தேன். அந்த ஜாக்கெட்டுக்கு எழுதிக் கொடுக்கல. நான் சொல்ற வரைக்கும் அடுத்த டோஸ் கிடையாது."

அந்தச் சனிக்கிழமை கேலரியில் எபி கல்யாணத்துக்கான பாட்டுப் பயிற்சி. எட்டாவது படியில் கால் நடுங்கி உட்கார்ந்துவிட்டேன். பாட்டு மாஸ்டர் ஜாய்சன் இறங்கி வந்து கையைக் கொடுத்தான். "பரவால்லக்கா, கல்யாணத்துக்குக் கீழயே உக்காருங்க. உங்க பார்ட்டை வேற யாரையாவது பாடச் சொல்றேன்." நல்லெண்ணத்தில் சொன்னான். அதுதான் வலித்தது. கோயிலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன். யாருடைய ஜாக்கெட்டுக்காகவோ என்னுடைய படியைத் தொலைத்துவிட்டேனே!

அழுது முடித்ததும் கோபம் வந்தது. நல்ல கோபம். ஜாய்சனை அழைத்துச் சொன்னேன்: "என் பார்ட்டை யாருக்கும் கொடுக்காத. கல்யாணத்தன்னிக்கு நான் மேல இல்லேன்னா, அப்ப கொடு."

அடுத்த வாரம் டாக்டர் மறுபடி ஆரம்பிக்கச் சொன்னார், ஒரு படி குறைந்த டோசில். வாரம் ஒன்று, அவ்வளவே. முட்டை, சுண்டல், ஏரி. "எத்தனை போச்சு?" என்று கேட்டவர்களிடம் "உங்க வீட்டுல எத்தனை போச்சு?" என்று திருப்பிக் கேட்டேன். அதோடு அந்தக் கேள்வி நின்றது. கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் எண்பத்தெட்டு. எட்டு கிலோ. எட்டு புள்ளி மூன்று மூன்று சதவீதம். டாக்டர் சொன்ன எல்லைக்குள் கச்சிதமாக. ஆனால் படியில் பத்தொன்பதுக்கு மேல் அதுவரை போனதில்லை.

கல்யாணத்தன்று கிளிப்பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டேன். அதோடு என் பழைய மெரூன் ஜாக்கெட், எடை குறைந்ததால் பக்கங்களில் பிடித்துத் தைத்தது. கைப்பையில் அந்தப் பச்சை ஜாக்கெட்டை மடித்து வைத்தேன்.

"அக்கா பாத்தா பேஜாராயிடும்டி" என்றார் ஆஸ்டின்.

"ஆகட்டும்."

கோயில் வாசலில் மைனி விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வரவேற்பு நின்றது.

"இது என்ன கோலம் கெசியா?"

"என் அளவு ஜாக்கெட், மைனி."

"சரி சரி, போய்ப் பின்னாடி உக்காரு."

"பின்னாடி இல்ல, மேல."

அவர் பதில் சொல்வதற்குள் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். எட்டாவது படியைத் தாண்டியபோது உடம்பு வேர்த்தது. பதினாலில் நின்றேன். ஆமாம், நின்றேன். மூச்சு வாங்கினால் நிற்கத்தான் வேண்டும், அதில் என்ன வெட்கம்? மேலே கம்பி வழியாக ஜாய்சனின் முகம் தெரிந்தது. கீழே இறங்கி வரப் பார்த்தான். "வராத" என்று கையைக் காட்டினேன். பதினைந்து. பதினெட்டு. பத்தொன்பதில் முட்டி கெஞ்சியது. இருபது. இருபத்தொன்று. இருபத்திரண்டில் ஒரு பெண் என் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து நீட்டிக்கொண்டிருந்தாள்.

இருபத்துமூன்று.

பொண்ணு உள்ளே நுழைந்தபோது ஆர்கன் எழுந்தது. மூன்று வருஷம் வாயை மட்டும் அசைத்தவள் தொண்டையைத் திறந்தேன். எனக்கு இடப்பக்கம் சொப்ரானோ, வலப்பக்கம் டெனர், நடுவில் நான், என் இடத்தில். பீடத்தின் முன்னால் நின்றிருந்த எபி பொண்ணைப் பார்க்காமல் ஒரு நொடி மேலே பார்த்தான். அழுதுகொண்டே பாடினேன், சுருதி விலகவில்லை.

ஆராதனை முடிந்து படம் எடுக்க எல்லாரும் வாசல் படிக்கட்டில் கூடினார்கள். பெண்கள் ஐக்கியம் முழுவதும் அங்கே இருந்தது. மைனிக்கு அசெம்பிளி கிடைத்துவிட்டது.

"ஆறு மாசமா எல்லாரும் உனக்காக ஜெபிச்சிருக்காங்க. எவ்வளவு குறைஞ்சதுன்னு நீயே சொல்லிடு."

"எட்டு" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"எட்டுதானா? இருபது கேட்டோமே!"

"நீங்க கேட்டீங்க மைனி. நான் கேட்டது இருபத்திமூணு. இருபத்திமூணும் ஏறிட்டேன், நீங்களே பாத்தீங்க."

கைப்பையைத் திறந்து பச்சை ஜாக்கெட்டை எடுத்து அவர் கையில் வைத்தேன். "இது உங்ககிட்டயே இருக்கட்டும். விசுவாசம் உங்களோடது. உடம்பு என்னோடது."

மைனி ஜாக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் நேரே போய் முன்வரிசையில், எபியின் பக்கத்தில் நின்றேன்.

போட்டோக்காரர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். "மெரூன் ஜாக்கெட் போட்ட அக்கா, கொஞ்சம் பின்னாடி போறீங்களா?"

நான் நகரவில்லை.