அஸார் அனுப்பிய இரண்டு மெமரி

1

வாசகர்கள் எல்லோரும் சௌக்கியமா? முழங்காலும் முதுகும் சொன்னபடி கேட்கின்றனவா? சரி, கேட்கும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இந்தக் கதை நானாக யோசித்ததல்ல. திருவாரூரில் ஷமீராவின் டிடிபி கடையில், என் முறைக்காகக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. ஒட்டுக்கேட்டேன் என்றும் சொல்லலாம். அவளிடம் கேட்டுக்கொண்டு, அவள் கடையிலேயே உட்கார்ந்துதான் தட்டச்சு செய்கிறேன். "எழுதுங்க பெரியம்மா. ஆனா என்னைய அழவச்சிடாதீங்க" என்றாள்.

2

முதல் தொடக்கம்: காவிரி இரு கரையும் தொட்டு ஓடிய ஒரு மாலையில் ஷமீரா...

அடித்துவிட்டேன். இது 2003. ஆற்றில் மாடு மேய்கிறது.

இரண்டாவது: கணவன் துபாயில் இருக்க, தனிமையில் வாடிய ஷமீரா...

இதையும் அடித்தாயிற்று. வாடுவதற்கு அவளுக்கு நேரமில்லை.

ஆகவே நேராகவே சொல்கிறேன். திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணங்களுக்குப் படம் எடுக்கிறவர் வைத்தியலிங்கம். அம்மா அப்பா மாலை மாற்றும்போது பாதிப் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். வராத பிள்ளையையும் ஆல்பத்தில் நிற்கவைத்துத் தர வேண்டும். அந்த வேலை ஷமீராவுடையது. இந்தத் தடவை, கல்யாணம் என்றே பெயர் கொண்டவருக்கும் அவர் மனைவி சரசாவுக்கும். மகன் வெங்கி நியூஜெர்சியில் இருக்கிறான். நாற்பது பக்கத்திலும் அவன் நிற்க வேண்டும். ஒன்பது பக்கம் வரை நின்றான். பத்தாவதில் மெமரி போதாமல் கம்ப்யூட்டரே நின்றுவிட்டது.

"அடுத்த திங்கக்கிழமைக்குள்ள முடியலன்னா, இனிமே நாகப்பட்டினத்துல குடுத்துக்கறேம்மா. தப்பா எடுத்துக்காதீங்க" என்றார் வைத்தியலிங்கம்.

(இவரை வில்லனாக்கிப் பார்த்தேன். சரிவரவில்லை. அவரே ஒரு கல்யாண வீட்டிடம் திட்டு வாங்கிக்கொண்டிருக்கிற மனிதர்.)

3

மெமரி என்பது கம்ப்யூட்டர் தன் வேலையைப் பரப்பி வைத்துக்கொள்கிற மேசையாம். சில மெமரி பெரிய மேசை, சில மெமரி வேகமான கை. இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். புதன்கிழமை அவளுடைய கணவன் அஸார், அவள் கேட்ட மெமரியை வாங்க துபாய்க் கடையில் நின்றுகொண்டு போன் செய்தான்.

"ரெண்டும் ஒரே வெலதான் புள்ள. ஒண்ணு 256, நல்ல வேகம். இன்னொண்ணு 512, கொஞ்சம் மந்தம். எது வாங்க?"

"பெருசு வாங்குங்க மச்சான்."

"வேகமானது போட்டா வெள்ளிக்கிழமை நெட்ல பேசுறப்ப கேமராவுல உன் மூஞ்சி நிக்காம ஓடும்னு கடைக்காரன் சொல்றான்."

"என் மூஞ்சி எங்க ஓடப்போவுது? இங்கதான் இருக்கு. வெங்கிய நிறுத்தத்தான் எடமில்ல."

"யாரு புள்ள வெங்கி?"

"அறுபதாம் கல்யாணத்துக்கு வராத புள்ள. மீசை வச்சு ஒரு படம், வைக்காம ஒரு படம் அனுப்பிருக்காரு. எத ஒட்டுறதுன்னு அது வேற தலவலி."

"இவ்வளவு கஷ்டம்னா கடைய மூடிடேன். நாந்தான் அனுப்புறேன்ல?"

அவனுடைய போன் கார்டு தீர்ந்துபோயிற்று.

[இந்த இடத்தில் அவள் மனம் பட்ட பாட்டை ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். படித்துப் பார்த்து, "இவ்வளவெல்லாம் நெனைக்கல பெரியம்மா. கோவம் வந்துச்சு, அவ்வளவுதான்" என்றாள். பத்தியை எடுத்துவிட்டேன்.]

4

சனிக்கிழமை துபாயிலிருந்து லீவில் வந்த அஸாரின் நண்பன் மூஸாவிடம் பார்சல். பால்பவுடர், தைலம், இரண்டு மெமரி. பெரியதில் ஒரு துண்டுக் காகிதம்: 'உனக்கு'. வேகமானதில் இன்னொன்று: 'எனக்கு'.

கம்ப்யூட்டரில் இருப்பதே இரண்டு இடம். பழையதைக் கழற்றிவிட்டு இரண்டையும் சேர்த்து மாட்டினாள். ஞாயிறன்று வெங்கி நாற்பது பக்கத்திலும் நின்றுவிட்டான், மீசையோடு. திங்கட்கிழமை வைத்தியலிங்கம் இன்னும் நாலு ஆல்பம் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆனால் ஒன்று. மந்தமானது பக்கத்தில் இருந்தால் வேகமானதும் அதன் நடைக்குத்தான் நடக்குமாம். அஸாருக்கு வாங்கும்போது இது தெரியாது.

5

போன வெள்ளிக்கிழமை கேமராவில் அஸார் வாயைப் பாதி திறந்தபடி அப்படியே உறைந்துபோயிருந்தான். எழுத்து மட்டும் வந்தது.

"என்னோடத மாட்டலியா?"

"ரெண்டும் மாட்டிருக்கேன் மச்சான்."

"பெருசு பக்கத்துல இருந்தா வேகம் வராதாம். அத எடுத்துட்டு ஒரு மாசம் என்னோடத மட்டும் போட்டுப் பாரேன்."

அவள் பதில் அடிப்பதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. பெரியதை எடுத்தால் நாலு ஆல்பமும் நாகப்பட்டினம் போய்விடும். எடுத்தாலும் அவன் முகம் ஓடப்போவதில்லை. குற்றம் மெமரியில் இல்லை, போன் லைனில். இது ஷமீராவுக்கு நன்றாகத் தெரியும். 'எனக்கு' என்று எழுதி அனுப்பியவனிடம், அது ஒன்றுக்கும் உதவாது என்று எப்படிச் சொல்வது?

முடிவு அ: உண்மையைச் சொல்கிறாள். அவன் சிரிக்... (சிரிப்பானா? எனக்கு நிச்சயமில்லை.)

முடிவு ஆ: வெள்ளிக்கிழமை மட்டும் பெரியதைக் கழற்றி, சனிக்கிழமை மாட்டுகிறாள். ("வாரா வாரம் ஸ்க்ரூ கழட்டவா நான் கட தொறந்தேன்?" என்கிறாள் பின்னாலிருந்து.)

முடிவு இ: கடையை மூடி... (இதை அவள் படித்து முடிக்கக்கூட இல்லை. கை நீட்டி அவளே அழித்துவிட்டாள்.)

நாளை வெள்ளிக்கிழமை. "பெரியம்மா, கதையில நான் என்னதான் சொன்னேன்?" என்று கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்டுச் சொல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டேன்.

வெளியூரில் இருக்கிறவர் ஆசையாக அனுப்பி, உங்களுக்கு உதவாமல் போன பொருள் எது? அவரிடம் என்ன சொன்னீர்கள்? அப்படியே எழுதி அனுப்புங்கள். உங்கள் கடிதம் வர ஒரு வாரமாவது ஆகும் என்று அவளிடம் சொன்னேன். பரவாயில்லையாம். இந்த வாரத்துக்கு, போன் லைன் சரியில்லை என்று, பொய் சொல்வதுபோல உண்மையையே சொல்லிச் சமாளித்துக்கொள்வாளாம்.