இருபத்து மூன்றாவது மூடி

அன்று காலை என் மனைவி கடைசியாகச் செய்த வீட்டுவேலை, சர்க்கரையை இருபத்து மூன்றாவது டப்பாவுக்கு மாற்றியது. மேடையில் சிந்தியதை விரலால் வழித்து வாயில் போட்டுக்கொண்டு, டப்பாவைத் தோள்பையில் வைத்தாள்.

"காலி டப்பாவை எவன் வேணும்னாலும் திறப்பான். உள்ள சரக்கு இருக்கணும்" என்றாள்.

சமையலறைச் சாமான்கள் செய்யும் கம்பெனியில், புதுப் பொருள் உருவாக்கும் பிரிவில் இருந்தாள். அங்கே ஒரு யோசனை கடைக்குப் போவதற்குள் மூன்று கூட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலில் வரைபடம், அடுத்து மாதிரி, மூன்றாவதில் பொருளை வார்க்கும் அச்சு வெட்டுவதா வேண்டாமா என்ற முடிவு. பாதி யோசனைகள் அந்த மூன்றாவதில்தான் செத்துப்போகும். தலைமை தாங்கும் மேலாளருக்குப் பிரிவில் வைத்திருந்த பெயர் 'பூட்டு'.

இவளுடையது ஒரே கையால் திறக்கிற மூடி. பெருவிரலால் பள்ளத்தைத் தள்ளினால் 'டக்' என்று திறக்க வேண்டும். ஒன்பதாவது மாதிரி பறந்து வந்து என் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டது. பதினான்காவது பைக்குள் தானே திறந்துகொண்டு பருப்பைக் கொட்டியது. நான் மெய்ப்புத் திருத்துகிறவன். ஒரு கையில் எப்போதும் பேனா இருக்கும். அதனால் வீட்டில் சோதனை எலி நான்தான். முந்தின நாள் சாயங்காலம் இருபத்து மூன்றாவதைப் பார்க்காமலேயே திறந்துவிட்டுப் பெருமையாக நிமிர்ந்தேன்.

அவள் முகம் சுருங்கியது. "உங்க கை பழகிடுச்சுங்க. ஆபீஸ்ல எல்லார் கையும் இதே கதிதான். நீங்க இனிமே செல்லாது."

"கல்யாணமாகி இருபது வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுதா?"

மறுநாள் பதினொரு மணிக்கு மூன்றாவது கூட்டம். மூடியை முன்பின் பார்க்காத ஐந்து பேர், ஒரு கையில் வேலையோடு, நாம் ஒரு வார்த்தை சொல்லாமல், முதல் தடவையே திறந்திருக்க வேண்டும் என்று பூட்டு சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் இரண்டு வருட உழைப்பு குப்பைக்கூடைக்கு.

"கிளம்புங்க" என்றாள். நோட்டும் டப்பாவுமாகத் தெருவில் இறங்கினோம்.

முடிதிருத்துபவர் கையில் கத்தரிக்கோலோடு வாங்கினார். டக். "இதுக்கா வந்தீங்க? இதுகூடவா திறக்கத் தெரியாது உங்க வீட்டுக்காரருக்கு?" வாசலைத் தாண்டியதும் என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள், சந்தோஷத்தில். மாடிவீட்டுப் பெண், இடுப்பில் குழந்தையோடு, டக். ஏணியில் நின்ற பெயின்டர், டக். போனைக் காதில் வைத்திருந்த கடைக்காரர், பேச்சை நிறுத்தாமலே, டக். ஒவ்வொரு டக்குக்கும் அவள் நடை வேகமானது. அவளை எட்டிப் பிடிக்க நான் ஓட வேண்டியிருந்தது.

ஐந்தாவது, தையல்காரர். ஒரு கையில் துணி. மூடியை இப்படியும் அப்படியும் பார்த்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"பள்ளத்தைத் தள்ளுங்க!"

டக். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். எழுதியதை அடித்து, பக்கத்தில் 'உதவி: கணவர்' என்று குறித்தாள். பிறகு தெருவென்றும் பாராமல் சிரித்தாள். "சாமி, அடுத்த ஆளுகிட்ட தயவுசெஞ்சு வாயைத் திறக்காதீங்க!"

கடைகள் மூடத் தொடங்கியிருந்தன. "ஒருத்தர்தானே? காலையில போற வழியில மாட்டுவாங்க" என்றாள்.

மாட்டவில்லை. கூட்டத்துக்கு முன்பே அலுவலகப் படிக்கட்டில் விழுந்தாள். தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் மருத்துவர். நான் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

ஒரு நர்ஸ் அவள் பையை மேசைமேல் கவிழ்த்து, வலது கையில் பேனாவோடு பட்டியல் எழுதினார். குடை. பர்ஸ். நோட்டு. பிறகு டப்பாவை இடது கையில் எடுத்தார்.

"இது என்னங்க, மருந்தா?"

என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் பெருவிரல் மூடியின்மேல் ஒரு சுற்றுச் சுற்றியது. பள்ளத்தில் போய் உட்கார்ந்தது.

டக்.

"சர்க்கரை" என்று எழுதிக்கொண்டார்.

ஐந்தாவது ஆள். ஓடிப்போய் அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தது. திரும்பி இரண்டு அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

ஒரு வாரம் கழித்துப் பூட்டு வீட்டுக்கு வந்தார். கூட்டத்தைத் தள்ளிவைத்திருந்தார். நோட்டைக் கொடுத்தேன். கடைசி வரியில் அவர் விரல் நின்றது: 'நர்ஸ். கையில் பேனா. முதல் தடவை. உதவி: இல்லை.'

"இது மட்டும் கையெழுத்து வேறயா இருக்கே?"

"என்னுது சார்."

"நீங்க எதுவும் சொல்லலையே?"

"ஒரு வார்த்தை சொல்லலை."

நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "அச்சு வெட்டச் சொல்லிடறேன்" என்றார்.

இப்போது கடைகளில் நான்கு நிறங்களில் கிடைக்கிறது. எங்கள் அலமாரியில் இருப்பது இருபத்து மூன்றாவதுதான். அதில் சர்க்கரை இருக்கிறது.